ஐம்பதாயிரம் டாலரில் ஒரு வால்சக்கர விமானம்

கேள்வி: வணக்கம் சார். ஐடஹோ மாநிலம் பாய்ஸியில் வேலை பார்க்கிறேன். விமானி உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மொத்தம் 130 மணி நேரம், எல்லாமே செஸ்னா 172. மலைக்குள் இருக்கும் புல்தரை ஓடுபாதைகளில் இறங்கி, கூடாரம் போட்டு, இரண்டு இரவு தங்கிவிட்டு வர வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் ரொம்ப நாள் ஆசை. பழைய வால்சக்கர விமானம் ஒன்று வாங்க 50,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். மஞ்சள் நிற பைப்பர் கப் மேல் எனக்கு ஒரு கண். விமானக் கொட்டகையில் ஒருவர் ‘செஸ்னா 170 தவிர வேறெதையும் பார்க்காதே’ என்கிறார். இன்னொருவர் ‘ஏரோன்கா சாம்ப் போதும், சிக்கனம்’ என்கிறார். நான் 165 பவுண்டு, மனைவி 130. கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 70 பவுண்டு வரும். எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம். எடையைச் சொல்லிக் கேட்டீர்களே, அதற்கே முதலில் நன்றி. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தின் நிறத்தைச் சொல்வார்கள், டயரின் அளவைச் சொல்வார்கள். தங்கள் எடையை மட்டும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் பத்துப் பவுண்டு குறைத்துச் சொல்வார்கள். நீங்கள் சொன்ன எண்களை வைத்துத்தான் இந்தப் பதில் முழுக்க நகரப்போகிறது.

நேராக விடையைச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தை எடுத்துவிட்டு வால்சக்கரம் போட்டு மாற்றிய ஒரு பைப்பர் ட்ரை-பேஸர், 150 குதிரைத்திறன் எஞ்சினோடு. மாற்றியபின் அதை எல்லாரும் பேஸர் என்றே கூப்பிடுவார்கள். 38,000, மிஞ்சினால் 40,000 டாலருக்குள் நல்ல நிலையில் ஒன்றைத் தேடுங்கள். மீதிப் பணத்தைத் தொடாதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

கப்பிலிருந்து ஆரம்பிப்போம். ஜே-3 கப் அழகுதான், மறுக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை வெயிலில் பறந்தால் வேறெதுவும் வேண்டாம் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் எஞ்சின் 65 குதிரைத்திறன். பெட்ரோல் 12 காலன். சாமான் வைக்கும் இடத்தின் எடை வரம்பு 20 பவுண்டு. உங்கள் தூங்கும் பைகளுக்கும் அடுப்புக்குமே அது சரியாகப் போய்விடும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது ஒரு தக்கை மிதவையில் செருகிய கம்பி. கண்ணாடிக்கு முன்னால் எஞ்சின் மூடியில் அது தலையாட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் ஆசைப்படுகிற மாதிரி மலைக்குள் இருக்கும் புல்தரை ஓடுபாதை ஜான்சன் கிரீக், பாய்ஸியிலிருந்து சுமார் 100 மைல். அங்கே பெட்ரோல் கிடையாது. கப்பின் வேகத்துக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மணிக்கு நாலு, நாலரை காலன் குடிக்கும். 12 காலனில் போய்வந்து, சட்டம் கேட்கும் அரை மணி நேர இருப்பையும் வைத்திருக்க முடியாது. வழியில் மெக்காலில் இறங்கி நிரப்பலாம்தான். ஆனால் கப்பின் விலையில் பெயருக்கென்று ஒரு பங்கு தனியாக இருக்கிறது. அவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பியைப் பார்த்துப் பார்த்துப் பறக்க வேண்டுமா?

சாம்ப் விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு. கப் செய்யும் எல்லாமே செய்யும். தனியாகப் பறக்கும்போது முன் இருக்கையில் உட்காரலாம், கப்பில் பின்னால்தான் உட்கார வேண்டும். வெளியே பார்ப்பதும் சுலபம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல விமானம் அதிகம் இல்லை. இப்போது எடையைப் பாருங்கள். ஏரோன்கா 7ஏசி சாம்பின் உச்ச எடை 1,220 பவுண்டு. காலியாக 740 என்று பழைய காகிதம் சொல்லும். எழுபது எண்பது வருடத்தில் பூச்சும் ரேடியோவும் பாட்டரியும் ஏறி, தராசில் வைத்தால் 780 காட்டும். மீதி 440. பெட்ரோல் 13 காலன், 78 பவுண்டு. மிச்சம் 362. நீங்கள் இரண்டு பேரும் 295. கடைசியில் நிற்பது 67 பவுண்டு. உங்கள் சாமான் 70. மூன்று பவுண்டுதானே என்று தோன்றும். ஆனால் இது கடல்மட்டத்துக் காகிதக் கணக்கு. அதுவும் நீங்கள் பூட்ஸ் போடாமல் நின்று எடை பார்த்திருந்தால்.

ஜான்சன் கிரீக் கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. 3,400 அடி நீளப் புல்தரை. மலைப்பறப்பு தொடங்குகிறவர்களுக்கு மிகவும் பிடித்த இடம். அந்த உயரத்தில் காற்று இயல்பாக இருந்தால் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஜூலை மதியம் 30 டிகிரி இருக்கும். 25 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000 அடி. ஆக விமானத்துக்கும் எஞ்சினுக்கும் நீங்கள் 8,000 அடியில் நிற்பதாகத்தான் கணக்கு. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். 65 குதிரைகளில் 50 கூட உருப்படியாக மிஞ்சாது. இறக்கைக்கும் அதே மெல்லிய காற்றுதான். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது புல்லும் கூடச் சேர்ந்து காலைப் பிடித்து இழுக்கும், எதிரே மலை நிற்கும்.

65 குதிரைத்திறன் விமானங்கள் அங்கே போவதே இல்லை என்று சொல்லவில்லை. போகின்றன. விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரே ஆளாக, பாதிப் பெட்ரோலோடு, அந்த விமானத்தின் நாடித்துடிப்பு தெரிந்தவர்கள் ஓட்டிப் போகிறார்கள். நீங்கள் மனைவியை ஏற்றிக்கொண்டு போக நினைக்கிறீர்கள்.

1946-இல் மட்டும் அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேல் சிறு விமானங்கள் செய்து தள்ளினார்கள். போரிலிருந்து திரும்பிய எல்லாரும் வீட்டுக்கு ஒரு விமானம் வாங்குவார்கள் என்ற நினைப்பு. வாங்கவில்லை. அன்று மிஞ்சியவைதான் இன்று உங்கள் பட்டியலில் இருப்பவை. அதில் டெய்லர்கிராஃப்ட் பிசி-12டி 65 குதிரைத்திறனில் 95 மைல் வேகம் போகும், கெட்டிக்கார இறக்கை. அந்தக் கெட்டிக்காரத்தனமே சின்ன ஓடுபாதையில் எதிரி. தரைக்கு மேலே மூன்றடியில் மிதந்துகொண்டே போகும், இறங்க மனசே வராது. லஸ்கம் 8ஏ உலோகக் கூடு, அழகான வேலை, ஆனால் எடைக் கணக்கு சாம்ப் மாதிரிதான். செஸ்னா 140-இல் 85 குதிரைத்திறன், 25 காலன், உச்ச எடை 1,450. தராசில் 950 வரும் ஒன்றை எடுத்துக்கொண்டால், பெட்ரோல் நிரப்பி நீங்கள் இருவரும் ஏறியபின் 55 பவுண்டு மிச்சம். தனியாகப் பறக்கிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் 140-ஐத்தான் கைகாட்டியிருப்பேன்.

பழைய விலைகளைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். கப், சாம்ப், டெய்லர்கிராஃப்ட் மூன்றும் விலை ஏறியதற்கு ஒரு காரணம் 2004-இல் வந்த இலகு விளையாட்டு விமான விதி. 1,320 பவுண்டுக்குள் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல், ஓட்டுநர் உரிமத்தை வைத்தே ஓட்டலாம் என்றார்கள். வயதான விமானிகள் எல்லாம் அதன் பின்னால் ஓடினார்கள். 140 பாவம், 130 பவுண்டில் தவறவிட்டது. 2025 அக்டோபரில் அந்த எடை வரம்பு போய், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்) இறக்காத நிலையில் விமானம் மிதப்பிழக்கும் வேகம் 59 நாட் (knot) அளவுக்குள் இருக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. 140, பேஸர், 170 எல்லாம் உள்ளே வந்துவிட்டன. உங்களுக்கு முழு உரிமம் இருக்கிறது, இது நேரடியாகத் தொடாது. ஆனால் சாம்ப் விற்கிறவர் இன்னும் பழைய காரணத்தைச் சொல்லி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

சரி, நான்கு இருக்கைக்காரர்களுக்கு வருவோம். செஸ்னா 170 நல்ல விமானம், அதில் சந்தேகமே இல்லை. நீங்கள் கற்ற 172-க்கு அண்ணன் அது. 1956-இல் அதற்கு முன்சக்கரம் போட்டுத்தான் 172 பிறந்தது. 1952 முதல் வந்த 170பி-யில் 40 டிகிரி வரை இறங்கும் பெரிய ஃபிளாப். உலோக உடம்பு, வெளியே நிறுத்தலாம். சக்கரக் கால்கள் ஸ்டீவ் விட்மன் கண்டுபிடித்த வளையும் எஃகுத் தகடு. ரப்பரும் இல்லை, எண்ணெயும் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. ஆனால் இதெல்லாம் ஊருக்கே தெரியும், அதனால் நல்ல 170பி உங்கள் தொகையைத் தாண்டிவிடும். 50,000-க்குள் வருகிற 170 என்றால் எஞ்சின் ஆயுள் முடிந்ததாக இருக்கும், அல்லது இறக்கை இடுக்கில் அரிப்பு இருக்கும், அல்லது துணி இறக்கையும் சின்ன ஃபிளாப்பும் கொண்ட 1948 மாடலாக இருக்கும். அந்த 1948 மாடலை நான் வெறுக்கவில்லை. நல்லது ஒன்று கிடைத்தால் யோசியுங்கள்.

ஸ்டின்சன் 108 நிறையச் சுமக்கும், இறக்கை முனையில் காற்றுப் பிளவு வைத்திருப்பதால் மெதுவாகப் பறக்கும்போதும் சாதுவாக இருக்கும், விலையும் குறைவு. குறைவுக்குக் காரணம் அதன் பிராங்க்ளின் எஞ்சின். ஓடும்வரை வெண்ணெய் மாதிரி ஓடும். ஒரு நாள் ஏதாவது உடைந்தால் உதிரிபாகத்துக்காக ஆறு மாதம் அலைவீர்கள். மெக்கானிக்கே முதலாளியாக இருந்தால் ஸ்டின்சன் ஒரு புதையல். சூப்பர் கப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய பேச்சு. 150 குதிரைத்திறனும் ஃபிளாப்பும் உள்ள சிட்டாப்ரியாவும் அநேகமாக உங்கள் பணத்துக்கு மேலேதான் நிற்கும்.

அதனால் பேஸர். 1951-இல் பைப்பர் தன் பேஸருக்கு முன்சக்கரம் போட்டு ட்ரை-பேஸர் என்று விற்றது. 1955-இலிருந்து 150 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின். முன்சக்கரத்தோடு பார்த்தால் பால் கறக்க உட்காரும் மூன்றுகால் முக்காலி மாதிரி இருக்கும். அதையே கேலிப்பெயராகவும் வைத்தார்கள். அழகில்லாததால் விலை ஏறவே இல்லை. பிறகு யாரோ முன்காலைக் கழற்றி வாலில் சக்கரம் போட்டார்கள், முறையான அனுமதிப்பத்திரமும் வந்தது. நூற்றுக்கணக்கில் மாற்றினார்கள். அசல் பேஸருக்கு 115-லிருந்து 135 குதிரைத்திறன்தான். மாற்றியதற்கு எஞ்சின் பெரிது, விலை சிறிது.

உங்கள் கணக்கை இதில் போடுங்கள். உச்ச எடை 2,000. காலியாக 1,130 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தொட்டி 36 காலன், ஆனால் ஜான்சன் கிரீக் போய்வர இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இருப்பையும் சேர்த்து 27 காலன் போதும், 162 பவுண்டு. நீங்கள் இருவர் 295, சாமான் 70. மொத்தம் 1,657. உச்ச எடைக்கு இன்னும் 343 பவுண்டு கீழே நிற்கிறீர்கள். ஒரு குதிரைத்திறன் சுமக்க வேண்டியது 11 பவுண்டு. சாம்பில் அதே பயணத்துக்கு 18.8 பவுண்டு. முழு எடையில் கிளம்பும் சூப்பர் கப்புக்கே 11.7. பின் இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். பேஸரை நான்கு பேர் விமானம் என்று நினைத்தவர்கள்தான் அதைத் திட்டுவார்கள். இரண்டு பேர், ஒரு கூடாரம் என்று நினைத்தால் அது வேறு விமானம்.

இனி அதன் குணக்கேடுகள். கப்பின் இறக்கை முனையிலிருந்து முனைக்கு 35 அடி, பேஸருக்கு 29. எஞ்சினைத் தணித்தால் கல்லாக இறங்கும். 172 பழக்கத்தில் ஓடுபாதைக்கு மேலே வந்ததும் எரிவிசையை முழுக்க மூடிவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தீர்கள் என்றால், ‘டம்’ என்று விழும். கடைசிவரை கொஞ்சம் எஞ்சின் வைத்து இறக்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் இதே குணம் சின்ன ஓடுபாதையில் வரம். மரத்துக்கு மேலாக வந்து செங்குத்தாக இறங்கலாம், மிதந்து போகாது.

இன்னொன்று, உடம்பு குட்டை. வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கைவண்டியைக் கைப்பிடி முன்னால் இருக்க, பின்பக்கமாகத் தள்ளிப்பாருங்கள். நேராகப் போகும்வரை போகும். கொஞ்சம் திரும்பினால் பின்பாரம் முன்னால் வரத் துடிக்கும். அதே கதைதான். வால் நீளமாக இருந்தால் மெதுவாகத் திரும்பும், உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். பேஸரில் அந்த நேரம் கிடைக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வால்சக்கரத்தில் இருநூறு மணி நேரம் முடித்த திமிரோடு ஒரு பேஸரைத் தார் ஓடுபாதையில் இறக்கினேன். இடதுபக்கமிருந்து லேசான காற்று, துணிக்கொடிகூடப் பாதிதான் நிமிர்ந்திருந்தது. மூன்று சக்கரமும் தொட்டன, வேகம் குறைந்தது, இறங்கியாயிற்று என்று மனசு சொன்னது. ஃபிளாப் நெம்புகோலுக்குக் கை போனது. அந்த ஒரு நொடியில் வலதுகால் தளர்ந்திருக்க வேண்டும். மூக்கு இடப்பக்கம் விரல்கடை அளவு நகர்ந்தது. மிதித்தேன், ஆனால் அதற்குள் வால் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஓடுபாதை விளக்குகள் குறுக்கே ஓடின. வலது இறக்கை முனை தாரில் உரசிய சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்றுமில்லை. இறக்கை முனையின் வளைவும் விமானத்தின் வலது சக்கரக் காலும் போயின. ஒரு குளிர்காலம் முழுக்க வேலை. அன்றிலிருந்து விமானம் நின்று, எஞ்சின் அடங்கியபின்தான் ஃபிளாப்பைத் தொடுகிறேன்.

அதனால் வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சிட்டாப்ரியாவிலோ சாம்பிலோ பயிற்சி ஆசிரியரோடு பத்து மணி நேரம் பறந்து, வால்சக்கரக் கையொப்பத்தை வாங்கிவிடுங்கள். சட்டம் மணிக்கணக்கு எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் திருப்தியடைய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காப்பீட்டுக்காரர் மணிக்கணக்கு கேட்பார். வால்சக்கர அனுபவமே இல்லாமல் பேஸருக்குக் காப்பீடு கேட்டால் அவர் சொல்லும் தொகையில் பாதி ஆசை வடிந்துவிடும். விலை பேசுவதற்கு முன் அந்தப் பதிவு எண்ணைக் கொடுத்துக் காப்பீட்டுத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேஸர் என்று சொன்னதால் முதலில் கண்ணில் படும் பேஸரை வாங்கிவிடாதீர்கள். நாறிப்போன பேஸரைவிட நல்ல செஸ்னா 140 எவ்வளவோ மேல். துணி போர்த்திய பழைய விமானத்தில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி இல்லை, ரசீது. என் முதல் விமானம் ஒரு சாம்ப். கண்ணாடி மாதிரிப் பூச்சு, இரண்டு மாதத்துக்கு முன் போட்ட வருடாந்திரச் சோதனைக் கையெழுத்து, சிரித்த முகத்தோடு விற்றவர். அடுத்த சோதனையில் இறக்கையின் பார்வைத் துளைக்குள் கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பார்த்தபோது, இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தண்டான ஸ்ட்ரட் மாட்டுமிடத்துக்கு வெளியே, இறக்கையின் முதுகெலும்பான மர ஸ்பாரில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. மரநார் ஓட்டத்துக்குக் குறுக்கே. அது கீறல் இல்லை, அழுத்தத்தில் நார் உடைந்த இடம். எப்போதோ ஒரு தடவை இறக்கை தரையில் அடித்திருக்கிறது, யாரும் எதிலும் எழுதவில்லை. இறக்கையைக் கழற்றி, துணியை உரித்து, புது ஸ்பார் போட்டு முடிக்க விமானம் வாங்கிய பணத்தில் பாதி போயிற்று. சாம்ப், டெய்லர்கிராஃப்ட், பழைய சிட்டாப்ரியா எல்லாவற்றிலும் மர ஸ்பார்தான். பேஸரில் அலுமினிய ஸ்பார். அந்தக் கவலை ஒன்று குறைவு.

பேஸருக்கு வேறு கவலைகள் இருக்கின்றன. இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் எஃகுக் குழாய். தண்ணீர் உள்ளே இறங்கி அடிமுனையில் தேங்கும், உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும். அடைத்து மூடிய புது வகை ஸ்ட்ரட் மாட்டாவிட்டால் 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லிக் கட்டாய உத்தரவே இருக்கிறது. கீழ்முனையில் குத்திப் பார்க்கும் கருவியால் அழுத்தினால் நல்ல குழாய் அசைந்து கொடுக்காது, கெட்டது பள்ளமாகும். மூடிய ஸ்ட்ரட் ஏற்கெனவே மாட்டியிருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். அப்புறம் உடம்பின் அடிக்குழாய்கள். விமானம் வால் தாழ நிற்பதால் உள்ளே வரும் தண்ணீரெல்லாம் வாலுக்குத்தான் போகும். வால் தூணுக்கு அருகே துணியைக் கொஞ்சம் திறந்து கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழேயும் அப்படித்தான். விற்கிறவர் ‘துணியைத் திறக்க விடமாட்டேன்’ என்றால், அந்த ஒரு சொல்லிலேயே பதில் இருக்கிறது.

துணி எப்போது போட்டது, எந்த முறையில் போட்டது, கொட்டகைக்குள் இருந்ததா வெயிலில் இருந்ததா என்று கேளுங்கள். துணி மாற்றும் வேலையைக் கடையில் கொடுத்தால் பல ஆயிரம் டாலர், அதுவும் வரிசையில் காத்திருந்து. எஞ்சினில் மணிக்கணக்கைவிடக் கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு பறந்தது என்பதைப் பாருங்கள். லைகமிங் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேலே இருக்கிறது. சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து, அது காய்ந்து, துருவேறும். ‘ஓவர்ஹால் செய்து 200 மணி நேரம்தான்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த 200 மணி நேரம் இருபது வருடத்தில் ஓடியது என்றால் எனக்குப் பயம்தான் வரும். வாராவாரம் பறந்து 1,200 மணி நேரம் ஆன எஞ்சின் தேவலை.

மாற்றிய பேஸரில் மட்டும் பார்க்க வேண்டியது சக்கரங்களின் கோணம். இரண்டும் நேராகப் பார்க்கின்றனவா என்று நீளமான சட்டம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கோணல் இருந்தால் எவ்வளவு தேர்ந்தவர் ஓட்டினாலும் தரையில் நாட்டியம்தான். நிறையப் பேர் பேஸருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இந்தக் கோணலால்தான் என்பது என் எண்ணம். பைப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்சக்கரத்தை வால்சக்கரமாக மாற்றியதற்கு பெரிய மாற்றங்களைப் பதிவுசெய்யும் முறையான படிவம் 337 இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ (அமெரிக்க அரசின் விமானத் துறை) பதிவகத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் அந்த விமானத்தின் முழுக் கோப்பும் கிடைக்கும். சில டாலர் செலவு. 1950-களிலிருந்து எந்த இறக்கை எப்போது மாறியது என்று படித்தால் சில கதைகள் புரியும். ஒரே ஒரு பக்கம் மட்டும் ஸ்ட்ரட், கால், இறக்கை முனை மாறியிருந்தால், அது ஒரு நாள் சுழன்றிருக்கிறது.

சோதிக்கிற மெக்கானிக் விற்கிறவருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டாம். துணி விமானத்தில் கைவைத்துப் பழகியவராக இருக்கட்டும். செஸ்னா மட்டுமே பார்த்தவருக்கு எங்கே குத்துவது என்று தெரியாது.

மீதி வைத்த பத்தாயிரத்தில் முதலில் தோள்பட்டை வார். 1978-க்கு முந்தைய சிறு விமானங்களில் அது கட்டாயமாக இல்லை. நீங்கள் பார்க்கப்போகிற பலவற்றில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். மலைக்குள் மெதுவான வேகத்தில் நடக்கிற சின்ன விபத்தில் முகம் கருவிப் பலகையில் மோதாமல் காப்பது அதுதான். அடுத்து நல்ல டிஸ்க் பிரேக், நடுங்காத வால்சக்கரம், ஏற்றத்துக்கு ஏற்ற புரொப்பெல்லர். டயர் 8.50 அளவு போதும். 31 அங்குல யானைக்கால் டயரை நிழற்படத்தில் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஜான்சன் கிரீக் புல்வெளி வெட்டி நீர்விட்டு வளர்த்த புல், உங்கள் வீட்டு முற்றம் மாதிரி இருக்கும். அந்த டயர் எடையையும் காற்றிழுப்பையும்தான் கூட்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாய்ஸிக்குப் பக்கத்தில் கார்டன் வேலி இருக்கிறது, 3,000 அடி சொச்சம்தான் உயரம், நீளமான புல்தரை. அங்கே தனியாகப் போய்ப் போய்ப் பழகுங்கள். ஜான்சன் கிரீக்குக்கு முதல் தடவை மலைப்பறப்பு ஆசிரியரோடு. மெக்காலில் அதற்கென்றே பயிற்சி தருகிறார்கள். அங்கே தெற்கு நோக்கி இறங்கி வடக்கு நோக்கிக் கிளம்புவது வழக்கம், தெற்கே தரை உயர்ந்துகொண்டே போகிறது. காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள், கிளம்புவதும் விடியலில். ஸ்மைலி கிரீக் 4,900 அடி நீளம் என்று பார்த்து ஏமாறாதீர்கள், அது 7,200 அடி உயரத்தில் இருக்கிறது. மைல் ஹை, சோல்ஜர் பார் போன்ற கடினமான மலை ஓடுபாதைகள் பக்கம் முதல் இரண்டு வருடம் பேச்சே வேண்டாம்.

மனைவியை எடை மேடையில் ஏற்றச் சொன்னதாக அவர் என்மேல் கோபப்பட வேண்டாம். பூட்ஸும் குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு இருவரும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள், கூடாரப் பையோடு. விமானம் எதையாவது பார்க்கப் போனால் காலியான எடை எழுதிய தாளையும், இரண்டு ஸ்ட்ரட்டின் கீழ்முனையையும், வால்தூணின் அடியையும் படம் எடுத்து அனுப்புங்கள். பூச்சின் படம் வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பினால் நல்லது.